விகாஸ் எஞ்சினுக்கு எத்தனை கிலோ போடுவீங்கள்?

போன எபிசோட்டுக்குப் பிறகு கனபேர் கேட்ட கேள்வி ஒண்டுதான்: கேர்பல் ஸ்பேஸ் புரோகிராமில எங்கட ரொக்கெட் பாகங்களை நாங்களே செய்து சேர்க்க ஏலுமா? ஏலும். அதுக்கு புரோகிராமிங் தெரியத் தேவையில்லை, கம்ப்யூட்டரில ஏற்கனவே கிடக்கிற நோட்பேட் காணும். எப்பிடி எண்டு கீழ சொல்லுறன். ஆனா இந்தக் கட்டுரையை எழுத வைச்சது அந்தக் கேள்வி இல்லை, கேள்வி கேட்காமலே செய்து அனுப்பின சில பேரின்ர பாகங்கள்.

"சோழா" எண்டு ஒரு எஞ்சின். "ராவணன்" எண்டு இன்னொண்டு. பக்கவாட்டில கோபுரப் படம், தங்க நிறம். பார்க்க நல்ல வடிவு. ஃபைலைத் திறந்தால் உந்துவிசை 9,000 கிலோநியூட்டன், எடை 100 கிலோ, ஐ.எஸ்.பி. 900 செக்கன். அதாவது உலகத்தில எந்த நாடும் இன்னும் செய்யாத ஒரு எஞ்சின், ஒரு மோட்டார் சைக்கிளை விடக் குறைஞ்ச எடையில. எங்கட பேரைப் போட்டு நாங்கள் செய்யிற முதல் பாகம் இப்பிடித்தான் இருக்க வேணுமோ? வேண்டாம் எண்டதுதான் என்ர கட்சி.

முதல்ல, ஏன் பழைய கேம் எண்டு சிலர் கேட்பீங்கள். கேர்பலின் முதல் பகுதியைச் செய்தது மெக்சிக்கோ சிற்றியில இருந்த ஸ்குவாட் எண்ட ஒரு விளம்பரக் கம்பனி. அங்க வேலை செய்த ஃபெலிப்பே ஃபலாங்கே எண்ட பிரேசில்காரரின் யோசனை அது. 2011 ஜூனில முதல் வெளியீடு, 2015 ஏப்ரலில 1.0, 2021இல 1.12. அதோட பெரிய அப்டேட் நிண்டுது. இரண்டாம் பகுதி 2023 பெப்ரவரியில அரைகுறையா வந்துது. குடியேற்றங்கள், வேறு நட்சத்திரங்கள், நாலு பேர் சேர்ந்து விளையாடுறது எண்டு சொன்ன ஒண்டும் வந்து சேரேல்லை. 2024இல அதைச் செய்த இன்டர்செப்ட் கேம்ஸையே மூடிப் போட்டாங்கள். முதல் பகுதி இண்டைக்கும் உயிரோட இருக்குதெண்டால் அதுக்குக் காரணம் கம்பனி இல்லை. பாகங்கள் செய்து போட்டுக்கொண்டே இருக்கிற ஆக்கள். அமெரிக்காவின் பழைய ரொக்கெட்டுகளுக்கு புளூடோக் டிசைன் பியூரோ, சோவியத்துக்கு தந்தாரெஸ். எல்லாம் ஓய்வு நேரத்தில செய்தது.

சரி, பாகம் எண்டால் என்ன? கேம்டேட்டா எண்ட ஃபோல்டருக்குள்ள உங்கட பேரில ஒரு ஃபோல்டர் போடுங்கோ. (ஸ்குவாட் எண்ட ஃபோல்டரைத் தொடாதேங்கோ.) ஒரு பாகத்துக்கு மூண்டு சாமான் வேணும்: 3டி மொடல், அதுக்கு மேல போர்த்துற படம், பிறகு ஒரு சி.எஃப்.ஜி. ஃபைல். இந்த மூண்டாவதுதான் பாகத்தின்ர உயிர். அது வெறும் எழுத்துக் கோப்பு. எடை, விலை, எத்தனை டிகிரி சூடு தாங்கும், எந்த வேகத்தில மோதினா உடையும், மேல கீழ எந்த இடத்தில மற்றப் பாகம் ஒட்டும், எல்லாம் வரி வரியா இருக்கும். நான் வேலையில தினமும் பார்க்கிற யாமல் ஃபைல்களை விட எவ்வளவோ சுத்தம். ஸ்பேஸ் கூடிப் போச்சு எண்டு அழாது.

மொடல் செய்யத் தெரியாட்டிலும் பரவாயில்லை. மொடியூல் மேனேஜர் எண்ட சின்னச் சேர்க்கையைப் போட்டுக்கொண்டா, ஏற்கனவே இருக்கிற எஞ்சின்ர பேருக்கு முன்னால ஒரு கூட்டல் அடையாளம் போட்டு அதைப் பிரதி எடுக்கலாம். பிறகு புதுப்பேர் குடுத்து, மாத்த வேண்டிய எண்களை மட்டும் மாத்தினால் சரி. பத்து வரி. ஒரு விசயம்: எடை தொன்னில. 900 எண்டு எழுதினா 900 கிலோ இல்லை, 900 தொன்.

இந்தப் பத்து வரிக்குள்ள பொய் சொல்லுறது எவ்வளவு லேசு எண்டதுக்கு ஒரு கணக்கு. கேமில இருக்கிற எஃப்.எல்.-டி400 தாங்கி ஒண்டு, நிரம்பினா 2.25 தொன், காலியா 0.25. மேல ஒராள் இருக்கிற சின்னக் கூடு, 0.84 தொன். கீழ "சோழா". ரொக்கெட் சமன்பாடு லிச்சேயோவில படிச்ச லொகரிதம்தான்: ஐ.எஸ்.பி. பெருக்கல் 9.81 பெருக்கல், நிரம்பின எடையை வெறும் எடையால பிரிச்சதின் இயற்கை லொகரிதம். போட்டுப் பார்த்தால் செக்கனுக்கு 8,700 மீட்டர் வருது. கேர்பின் எண்ட அந்தக் குட்டிக் கிரகத்தைச் சுத்திவர 3,400 காணும். ஒரு தாங்கியோட சுத்துப்பாதைக்குப் போய், அங்கயிருந்து வேறு கிரகத்துக்கும் வெளிக்கிடலாம். பிறகு என்னத்துக்கு ரொக்கெட்டை அடுக்கடுக்காய்க் கட்டுறது? என்னத்துக்கு மிச்சப் பாகங்கள்? அந்த எஞ்சின் மற்ற எல்லாப் பாகத்தையும் குப்பையாக்கிப் போடுது. ஒருநாள் சந்தோசம், அடுத்தநாள் அலுப்பு.

எங்கட பேரில ஒரு எஞ்சின் வேணுமெண்டால் ஏற்கனவே ஒண்டு இருக்கு. விகாஸ். பிரான்சின் வைக்கிங் எஞ்சினில இருந்து வந்தது. 1970களில இஸ்ரோ எஞ்சினியர்மார் வெர்னோன் எண்ட ஊருக்குப் போய் பிரெஞ்சுக்காரரோட இருந்து வேலை செய்து படிச்சவை. காசு குடுத்து வாங்கின தொழில்நுட்பம் இல்லை, உழைப்பைக் குடுத்து வாங்கினது. அந்தக் குழுவை நடத்தினவர் நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன். 2022இல வந்த 'ரொக்கெட்ரி' படம் பார்த்தவைக்குத் தெரியும். இண்டைக்கு அந்த எஞ்சினைச் சோதிக்கிற இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில அது இருக்கு. 2023 ஜூலை 14 சந்திரயான்-3ஐக் கொண்டுபோன எல்.வி.எம்.3 ரொக்கெட்டின் நடு அடுக்கில ரெண்டு விகாஸ். நம்பி, மகேந்திரகிரி, சந்திரயான்-3ஐ நடத்தின விழுப்புரத்து வீரமுத்துவேல்: இவ்வளவு இருக்கேக்க ராவணனை ஏன் கூப்பிடுறீங்கள், அவர் வேறு விமானம் வைச்சிருந்தவர்.

இனித்தான் சுவாரசியம். உண்மையான விகாஸ் வெற்றிடத்தில ஏறத்தாழ 800 கிலோநியூட்டன் தள்ளும். எடை ஏறத்தாழ 900 கிலோ. ஐ.எஸ்.பி. 293. இதை அப்பிடியே எழுதினால் வேலை முடிஞ்சுது எண்டு நினைப்பீங்கள். முடியேல்லை.

கேர்பின்ர ஆரை 600 கிலோமீட்டர். பூமியின்ர ஆரை 6,371. அதால பாகங்களையும் சுருக்க வேணும். கனபேர் பாவிக்கிறது 62.5இல இருந்து 64 சதவீதம் வரையான அளவு. எல்.வி.எம்.3இன் நடு அடுக்கு 4 மீட்டர் விட்டம். 0.625ஆல பெருக்கிப் பாருங்கோ: 2.5 மீட்டர். கேமில ஏற்கனவே இருக்கிற பெரிய தாங்கியின் அளவு, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல். இதைக் கண்டு பிடிச்ச அண்டைக்கு நான் தனியச் சிரிச்சுக்கொண்டிருந்தன்.

உந்துவிசை பரப்பளவோட போகும், அதால 0.625ஐ ரெண்டு தரம் பெருக்க 312 கிலோநியூட்டன். எடை கன அளவோட போகும், மூண்டு தரம் பெருக்க 220 கிலோ. இந்த ரெண்டையும் எழுதி கேமுக்குள்ள விட்டால் என்ன நடக்கும்? "சோழா"வின் தம்பி வந்து நிப்பான். ஏனெண்டால் கேமின்ர சொந்த எஞ்சின்கள் வேணுமெண்டே பாரமாய்ச் செய்யப்பட்டவை. ரிலையன்ட் எஞ்சின் 240 கிலோநியூட்டன், 1.25 தொன். அது தன்ர பாரத்தைப் போல 20 மடங்குதான் தள்ளும். உண்மை விகாஸ் 90 மடங்கு தள்ளும். சுருக்கின விகாஸோ 145 மடங்கு. கிரகம் சின்னன், ஏறுறது லேசு, அதால ஸ்குவாட்காரர் எஞ்சினையும் தாங்கியையும் ஈயக்கட்டி மாதிரிப் பாரமாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தவை.

ஆகவே ரிலையன்ட் மாதிரி 20 மடங்குக்குக் கொண்டுவர எடை 1.6 தொன் போட வேணும். யோசிச்சுப் பாருங்கோ: உண்மையான எஞ்சின் 900 கிலோ, அதைச் சுருக்கின பொம்மை 1,600 கிலோ. உண்மை எண்ணைப் போட்டால் ஏமாத்து. பொய் எண்ணைப் போட்டால் நேர்மை. ஒரு பாகம் எந்த உலகத்துக்குள்ள போகுதோ அந்த உலகத்தின்ர கணக்குக்குள்ள நிக்க வேணும். முந்திச் சொன்ன அதே தாங்கி, அதே கூட்டோட இந்த விகாஸைப் பூட்டினா செக்கனுக்கு 1,600 மீட்டர்தான் கிடைக்கும். சுத்துப்பாதைக்கு அரைவாசி கூட இல்லை. அப்ப இன்னொரு அடுக்கு வேணும், பக்கத்தில பூஸ்டர் வேணும். அப்பத்தான் ரொக்கெட் ஒண்டைக் கட்டத் தொடங்குறீங்கள்.

இல்லை, எனக்கு 900 கிலோவே வேணும் எண்டு அடம்பிடிக்கிறவைக்கும் இடம் இருக்கு. ரியல் சோலர் சிஸ்டம் பூமியை உண்மையான அளவுக்குக் கொண்டுவரும், ரியலிசம் ஓவர்ஹோல் எரிபொருள் எல்லாத்தையும் உண்மைப் பேரோட வைக்கும். அங்க சுத்துப்பாதைக்கு 9,400 மீட்டர் வேணும், அங்க உண்மை எண்கள் உண்மையாவே வேலை செய்யும். பொறுமை மட்டும் மகேந்திரகிரிக்காரரின் அளவுக்கு வேணும்.

"இது கேம்தானே அண்ணா, கம்பனியே பொய் எழுதேல்லையா?" எண்டு கேட்டால், எழுதியிருக்கு. நல்ல உதாரணம் எங்கட ஊரோட சம்பந்தப்பட்டது. 1801 ஜனவரி 1ஆம் திகதி பலெர்மோவில, பலாட்சோ தெய் நொர்மான்னியின் மேல இருந்த வான் ஆய்வகத்தில இருந்து ஜுசெப்பே பியாட்சி செரெஸைக் கண்டுபிடிச்சவர். அவர் பாவிச்ச ராம்ஸ்டென் வட்டக்கருவி இண்டைக்கும் அங்கயே இருக்கு. வியா ஒரேத்தோவில இருந்து நடந்து போகலாம், எங்கட பிள்ளையளில எத்தனை பேர் போய்ப் பார்த்திருப்பினம் எண்டு தெரியாது. கேமில அந்தச் செரெஸுக்குப் பதிலா நிக்கிற குள்ளக் கிரகம் ட்ரெஸ். உண்மைச் செரெஸுக்கு 2015 மார்ச்சில போய்ச் சேர்ந்த நாசாவின் கலம் டோன், அயன் எஞ்சினில போனது. அந்த எஞ்சின்ர ஆகக் கூடின உந்துவிசை ஏறத்தாழ 90 மில்லிநியூட்டன். கையில ஒரு தாளை வைச்சிருக்கிற பாரத்தை விடச் சொற்பம் கூட. கேமில அதே பேரில, "டோன்" எண்டு, இருக்கிற அயன் எஞ்சினுக்கு 2 கிலோநியூட்டன். 20,000 மடங்குக்கும் மேல.

ஆனா ஏன் எண்டு பாருங்கோ. கேமில எஞ்சின் எரியேக்க நேரத்தை நாலு மடங்குக்கு மேல ஓட்ட ஏலாது. உண்மை எண்ணைப் போட்டிருந்தால் ட்ரெஸுக்குப் போக நீங்கள் திரைக்கு முன்னால மாதக்கணக்கா இருக்க வேணும். அதால உந்துவிசையைக் கூட்டிப் போட்டு, விலையை வேறு இடத்தில வைச்சினம்: மின்சாரத்தை அப்பிடிக் குடிக்கும், சூரியத் தகடு அடுக்கடுக்காய்ப் பூட்ட வேணும். அதோட 2 கிலோநியூட்டன் எண்டது கேர்பினில இருந்து ஒரு சின்னக் கூட்டைக் கூடத் தூக்காது. காரணம் இருக்கிற பொய், அதுக்கு விலையும் வைச்ச பொய். "சோழா"வுக்கு ரெண்டும் இல்லை.

இத்தாலிப் பக்கமும் ஒண்டு செய்யலாம். 2012 பெப்ரவரி 13 முதல் பறந்த வேகா ரொக்கெட்டின் அடி அடுக்கு பி80, ரோமுக்குப் பக்கத்தில கொல்லேஃபெர்ரோவில இருக்கிற ஆவியோ கம்பனியின் திண்ம எரிபொருள் மோட்டார். விட்டம் 3 மீட்டர். 0.625ஆல பெருக்க 1.875. மேக்கிங் ஹிஸ்டரி எண்ட 2018 விரிவாக்கத்தில புதுசா வந்த அளவு அதேதான். 2020 ஜூலையில ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட சேர்ந்து ஸ்குவாட் விட்ட 1.10இல ரொசெட்டா, பெபிகொலம்போ பயணங்கள் வந்தது. பெபிகொலம்போ எண்ட பேர் பாதோவாக்காரர் ஜுசெப்பே கொலம்போவுடையது. விகாஸ் நடு அடுக்குக்கு மேல பெபிகொலம்போ மாதிரி ஒரு கலம் வைச்சு அனுப்பினா, வீட்டில தமிழும் பள்ளிக்கூடத்தில இத்தாலியனும் கதைக்கிற எங்களுக்கு அதை விடப் பொருத்தமான ரொக்கெட் எது?

அடுத்தது எழுத்து. பாகத்தின்ர பேரைத் தமிழில எழுதி ஏமாந்தவை இருப்பீங்கள். வெறும் பெட்டிதான் தெரியும், ஏனெண்டால் கேமின்ர எழுத்துருவில தமிழ் இல்லை. எழுத்துருவைச் சேர்த்தாலும் கதை முடியாது. "கெ" எழுதேக்க கணினிக்குள்ள முதல்ல க, பிறகு கொம்பு. திரையில கொம்பு முன்னால வர வேணும். அந்த இடமாத்தத்தை கேம் பாவிக்கிற டெக்ஸ்ட்மெஷ் புரோ செய்யாது. கொம்பு பின்னால தொங்கும், "கொ" எண்டால் இன்னும் கேவலம். அரபிக்காரருக்கும் ஹிந்திக்காரருக்கும் இதே கரைச்சல்தான். இத்தாலியனுக்கு 2018இல இருந்து முழு மொழிபெயர்ப்பு இருக்கு, எங்களுக்குக் கொம்பைக் கூட ஒழுங்கா வைக்க ஏலாது. எனக்கு இது எரிச்சல்தான்.

ஆனா வழி இருக்கு. பேரையும் விளக்கத்தையும் மொழிக்கோப்பில இத்தாலியனிலயும் இங்கிலீஷிலயும் எழுதுங்கோ, உங்கட பள்ளிக்கூடச் சிநேகிதரும் வாசிப்பினம். தமிழை மொடலுக்கு மேல போர்த்துற படத்தில எழுதுங்கோ. படம் படம்தான், அங்க கொம்பு எங்கயும் ஓடாது. தாங்கியின்ர பக்கவாட்டில பெரிசா "விகாஸ்" எண்டு. கோபுரம் வேணுமெண்டாலும் போடுங்கோ, நான் எதிரி இல்லை. எண்களைச் சரியாப் போட்டதுக்குப் பிறகு போடுங்கோ எண்டுதான் கேட்கிறன். இத்தாலியப் பெடியன் ஒருத்தன் உங்கட எஞ்சினை இறக்கி, நல்லா வேலை செய்யுதே எண்டு தொடர்ந்து பாவிச்சு, ஒருநாள் "மகேந்திரகிரி எங்க இருக்கு?" எண்டு கேட்பான். கோபுரப் படத்தோட வந்த ஏமாத்து எஞ்சினை அவன் அடுத்த நாளே அழிச்சுப் போடுவான், கோபுரத்தோட சேர்த்து.

லைசென்ஸ் ஃபைல் ஒண்டும் வையுங்கோ. அலுப்பு விசயம், ஒரு நிமிச வேலை. மொடியூல் மேனேஜரே இண்டைக்கு இருக்கிறது அதை முதல் எழுதினவர் விட்டுப் போன பிறகு மற்றவை கையேற்க லைசென்ஸ் இடம் குடுத்ததாலதான். "எல்லா உரிமையும் எனக்கே" எண்டு எழுதிப் போட்டு யூனிவேர்சிட்டிக்கோ வேலைக்கோ போயிடுவீங்கள், பிறகு உடைஞ்சால் திருத்த ஒருத்தருக்கும் உரிமை இருக்காது. உங்களில கனபேர் ரெண்டு வருசத்தில மிலானோவுக்கோ லண்டனுக்கோ போற ஆக்கள். யோசிச்சு வையுங்கோ.

எல்.வி.எம்.3இல இன்னும் தீராத இடம் ஒண்டு இருக்கு. நடு அடுக்கில விகாஸ் பத்துறது ரொக்கெட் எழும்பி ஏறத்தாழ 110 செக்கனுக்குப் பிறகுதான். அதுவரைக்கும் தூக்குறது பக்கத்தில இருக்கிற ரெண்டு எஸ்200 திண்ம பூஸ்டர், ஒண்டுக்குள்ள 200 தொன்னுக்கு மேல எரிபொருள். அதின்ர விட்டம் 3.2 மீட்டர். 0.625ஆல பெருக்க 2.0 வருது, கேமில அப்பிடி ஒரு அளவு இல்லை. 2.0ஆ விட்டால் கேமின்ர கூர்முனை ஒண்டும் மேல பொருந்தாது, தனிய ஒண்டு செய்ய வேணும். 1.875க்கு இழுத்தால் வேகாவின் முனையே காணும், ஆனா எரிபொருளைக் குறைக்க வேணும். நான் 1.875 பக்கம். 2.0 பக்கம் இருக்கிறவை, கூர்முனையையும் செய்துகொண்டு வாங்கோ.